இரண்டாம் பக்கத்தில் இல்லாத பாட்டு

தேவி, பாபு, இந்த வாரப் பத்தியை உங்கள் இரண்டு பேருக்காகவும்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் கூட இருந்து படித்தால் படிக்கட்டும்.

சின்ன வயதில் நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். "அப்பா, மாணிக்கம் பெரியப்பா ரெக்கார்டுல ரெண்டாவது பக்கம் மட்டும் ஏம்பா பொசுக்குன்னு முடிஞ்சிடுது? ஊசி சும்மாவே சுத்திக்கிட்டு இருக்கே?" உங்கள் அம்மா என்னைப் பார்ப்பாள். நான் எழுந்துபோய் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, "பெரியவங்களானதும் சொல்றேன்" என்பேன். நீங்கள் பெரியவர்களாகி, உங்கள் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். இனியும் தள்ளிப் போட்டால் சொல்ல நான் இருக்க மாட்டேன்.

சில பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். எழுதலாமா என்று கேட்க வேண்டியவரிடம் கேட்டும் விட்டேன். "எழுதுங்க மாமா. இனிமே யாரு என்னைப் பொண்ணு பார்க்க வரப்போறாங்க?" என்று சிரித்தார். யார் அவர் என்பது போகப் போகத் தெரியும்.

கோடித் துணி வாசனை

தி.நகரில் உஸ்மான் சாலையை ஒட்டி ஒரு துணிக் கிடங்கு. அதன் மாடியில் தகரக் கூரை போட்ட நீள அறை. நாலு பக்கமும் வேட்டிக் கட்டுகள். கஞ்சி போட்ட கோடித் துணியின் வாசனை மூக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். கோடைக்காலம். பாட்டுக்கு இடைஞ்சல் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டோம். என் டோலக்கின் தோல்மேல் வியர்வை சொட்டுகிறது.

மாணிக்கம் அண்ணன் ஒரு வேட்டிக் கட்டின்மேல் உட்கார்ந்து கித்தாரைச் சுருதி சேர்க்கிறார். ஐம்பதை நெருங்கிய வயது. கன்னம் ஒட்டி, கழுத்து நரம்பு தெரியும். எதிரே எலக்ட்ரிக் கித்தாரோடு ரகு. மயிலாப்பூர்ப் பையன், காலேஜ் முடித்தவன், தோள்வரை முடி.

"மூணு மணிக்குள்ள விட்டுடுங்கோ அண்ணா. ஆத்துல ட்யூஷன் எடுக்கப் போறேன்னு சொல்லிண்டு வந்திருக்கேன்" என்றான்.

"ட்யூசன்தான நைனா இது. வாத்தியார் யாருன்றதுதான் தெரில" என்றார் அண்ணன்.

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தோம். அந்த இசைத்தட்டுக்காக மற்ற பாட்டுகளையெல்லாம் பழகி முடித்தாயிற்று. கடைசியாக ஒன்று பாக்கி. அண்ணன் சொன்னார்: "இத்த நான் மட்டும் பாடறேன். நீங்க கேளுங்க."

பஞ்சு பறக்குது, பறக்குது மச்சி, பனி இல்ல, நல்லா பாரு,
நெஞ்சுல வந்து குந்திக்கிச்சி, எழுப்பறது யாரு?

இந்த இரண்டு வரிகளை மட்டும்தான் எழுதுவேன். மூன்றாவது வரி முடிகிற இடத்தில் தாளம் விழ வேண்டும். அண்ணன் அங்கே இருமினார். இரண்டு சின்ன இருமல், பிறகு அடிவயிற்றிலிருந்து இழுத்து ஒரு நீள இருமல். தாளம் பிசகவில்லை. ஒவ்வொரு சரணம் முடியும்போதும் அந்த இருமல் கொஞ்சம் நீண்டது. கடைசிச் சரணத்தில் பாட்டே இல்லை, இருமல் மட்டும்தான்.

டோலக்கின்மேல் இருந்த கையை எடுத்துவிட்டேன். அது அண்ணனின் இருமல் இல்லை. செத்துப்போன காதர் பாயின் இருமல்.

வாசற்படியில் நின்றிருந்த கிடங்கு முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்தார். "இதான்வே பாட்டு. மத்ததெல்லாம் சும்மா. இதுதான் தட்டுக்குப் பேரே" என்றார்.

யார் இந்த மாணிக்கம்

முன்பே சில வாரங்களில் சொல்லியிருக்கிறேன். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி சைதாப்பேட்டையில் சைக்கிள் கடையில் வேலை பார்த்தவன். அண்ணன் அதே பேட்டை மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவர். நாட்டை விட்டுக் கிளம்பிய ஒரு சட்டைக்காரர், ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியர், தன் கித்தாரை அவரிடம் சல்லிசாகத் தள்ளிவிட்டுப் போனார். அதில் அண்ணன் கோயில் பாட்டும் வாசிக்கவில்லை, சினிமாப் பாட்டும் வாசிக்கவில்லை. குழாயடிச் சண்டை, கைவண்டி இழுக்கிறவன் மூச்சு, சாவு வீட்டுக் கானா, எல்லாவற்றையும் அந்தக் கம்பியில் ஏற்றினார். எங்கள் பேட்டையில் பாட்டு என்றால் அதுவரை சட்டி மேளமும் தப்பும்தான். கித்தாரைக் கேட்டு முதலில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

ஒரு சின்னத் தட்டு வந்தது. டீக்கடைகளில் தேயத் தேய ஓடியது. அந்தக் காலத்தில் ஊரிலிருந்து வந்து ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு திருநெல்வேலிப் பையன் எதிர் டீக்கடையில் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தான். பின்னாளில் முதலாளியாகி, "என் காசுல ஒரு பெரிய தட்டு போடுதேன்" என்று அண்ணனைத் தேடி வந்தவர் அவர்தான்.

நடுவில் இருந்த வருஷங்கள் பாழ். அண்ணன் மேற்கு மாம்பலம் கல்யாண மண்டபங்களில் பின்வரிசையில் நின்று அடுத்தவர் பாட்டுக்குக் கித்தார் தட்டினார். பாடச் சொன்னால், "தொண்டையில ஒன்னு மாட்டிக்கினு கீதுடா" என்பார்.

மாட்டியிருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அது மாட்டிய அன்று நானும் கூட இருந்தேன்.

மயிலாப்பூர் சந்து

காதர் பாய் பஞ்சு அடிக்கிறவர். தோளில் ஆள் உயர வில்லை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். நாண் டொய்ங், டொய்ங் என்று அதிரும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பழைய மெத்தையை வெளியே எடுத்துப் போடுவார்கள். அண்ணனின் முதல் தட்டில் கேட்கிற அந்த அடிக்குரல் அதிர்வு கித்தார் இல்லை. பாயின் வில். இரண்டு பேரும் ஒரே பீடியை மாற்றி மாற்றிக் குடிப்பார்கள்.

பிறகு பாய்க்கு இருமல் கண்டது. பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்துவிட்டது என்றார் டாக்டர். தெரு அப்படிச் சொல்லவில்லை. டி.பி. என்றது. அந்த வீட்டு டம்ளரில் தண்ணீர் குடிக்க ஆட்கள் யோசித்தார்கள்.

பாய் போன அன்று காலை அண்ணன் கித்தாரை எடுத்துக்கொண்டார். என்னை டோலக்கை எடுக்கச் சொன்னார். எங்கள் வழக்கம் அது. உயிருக்குயிரானவன் செத்தால் பாட்டுக் கட்டி, அவன் பேரைச் சொல்லி, தூக்குவதற்கு முன் பாடி முடித்துவிட வேண்டும். பாடாமல் விட்டால் அந்தப் பாட்டு கட்டினவன் தொண்டையிலேயே தங்கிவிடும் என்பார்கள்.

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் அந்தச் சந்து. வாசலில் ஆண்கள் வெள்ளைக் குல்லாயோடு தலை குனிந்து நின்றிருந்தார்கள். உள்ளே மெல்லிய குரலில் ஓதுகிற சத்தம். அழுகைச் சத்தம்கூட இல்லை. அண்ணன் அதையெல்லாம் கவனித்த மாதிரியே தெரியவில்லை. சந்து முனையிலேயே கம்பியைத் தட்டி, "காதரே…" என்று உச்சக் குரலில் எடுத்தார்.

பாயின் தம்பி ஓடி வந்து அண்ணன் வாயைப் பொத்தினார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அவர் கண்ணிலும் தண்ணீர்தான். "இங்க நக்கோ மாணிக்கம், வேணாம். மையத்து வீட்ல எங்கள்ல பாட்டு இல்லே. ஓதறாங்க. போயிடு."

ஊரெல்லாம் பாடிக் கொண்டாடி அனுப்புகிற மனுஷனுக்கு, தன் சிநேகிதனை அப்படி அனுப்ப முடியவில்லை. ஒரு வீட்டில் பாடாமல் விட்டால் அவமரியாதை. இன்னொரு வீட்டில் பாடினால் அவமரியாதை. இரண்டுக்கும் நடுவில் அண்ணன் அந்தச் சந்து முனையில் நின்றார். அதன்பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

கேட்டீங்களா அண்ணே?

கிடங்குக்கு வருகிறேன். முதலாளி கீழே போன பிறகு கேட்டேன்.

"அண்ணே, நூர்ஜகான் அக்காகிட்ட கேட்டீங்களா?"

"பேரு எதுவும் வரலியேடா பாட்டுல."

"பஞ்சு அடிச்சவரு, உங்களோட வாசிச்சவரு, இருமி செத்தவரு. பேரு வேற வரணுமா?"

கொஞ்ச நேரம் கித்தாரின் கட்டையைத் தடவினார். "வா, போவலாம்" என்றார்.

சாயங்கால வெயில். அதே சந்து. பாயின் மனைவி நூர்ஜகான் அக்கா வாசல் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்தார். மகள் சல்மா சமையற்கட்டில். அப்பா போனபோது கைக்குழந்தை இல்லை, ஓடியாடி அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த சிறுமி. இப்போது கல்யாண வயது.

"வாங்க மாணிக்கண்ணா. இத்தினி வருஷமா வழி தெரியலியா?" என்றார் அக்கா.

"வாயைப் பொத்தி அனுப்சீங்களே தங்கச்சி. அப்பால எந்த மூஞ்ச வெச்சிக்கினு வர்றது?"

"அவங்க செஞ்சது சரி. ஆனா உங்க மேல இங்க யாருக்கும் கோவம் இல்லே."

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். பாடிக் காட்டட்டுமா என்றார். அக்கா ஊசியை உறையில் குத்தி வைத்துவிட்டு, "மெள்ள" என்றார்.

மெள்ளத்தான் பாடினார். கித்தாரே இல்லை. முதல் இருமல் வந்தது. அக்கா அசையவில்லை. இரண்டாவது சரணம் முடிந்து அந்த நீள இருமல் வந்தபோது உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம். சல்மா ஒரு டம்ளர் தண்ணீரோடு ஓடி வந்தாள். திரையைத் தாண்டி எங்கள் முன்னால் வந்து, கையை நீட்டியபடி நின்றுவிட்டாள். தான் எதற்கு ஓடி வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. டம்ளரிலிருந்து தண்ணீர் கையில் வழிந்தது.

அவள் உள்ளே போன பிறகு அக்கா சொன்னார்:

"ஆம்பூர்லருந்து ஒரு இடம் வந்திருக்கு. நல்ல இடம். இருமல் வீடுன்னு தெருவுல சொல்றதை நான் வாசல் வாசலா போய் மூடிட்டு இருக்கேன். நீங்க அதை ரேடியோவுல போடப் போறீங்க."

"நான் அவனை மறக்காம இருக்கத்தான்…"

"நக்கோ அண்ணா. நல்லாத்தான் பாடறீங்க. அதான் நக்கோ."

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சைதாப்பேட்டையில் இறங்கும்போது சொன்னார். "அவன் எனக்கும்தாண்டா சொந்தம். இத்தப் பாடாம நான் செத்தா வேகமாட்டேன். பாடத்தான் போறேன்."

அவர் பின்னாலேயே நடந்தேன்.

அடையாறு

ஸ்டூடியோ அடையாறில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டு. சுவரெல்லாம் கயிற்றுப் பாய் அடித்திருக்கும். மெஷின் பார்க்கிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பார். முதலாளி வெள்ளைச் சட்டையில், கையில் ஒரு மல்லிகைச் சரத்தோடு வந்திருந்தார். அதை மைக் கம்பியில் அவரே சுற்றினார்.

மற்ற பாட்டெல்லாம் முடிந்து, மத்தியானம் அந்தப் பாட்டு. ஒரே தடவை. ரகுவின் கித்தார் தூரத்தில் வில் நாண்போல முனகியது. நான் இருமல் வருகிற இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டேன். அத்தனை வருஷம் அவர் கூட வாசித்ததில் அப்படி ஒரு பாட்டு நான் கேட்டதில்லை. முடிந்ததும் ரகு தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டான். அண்ணன் முகத்தில் பாரம் இறங்கிய களை. "போச்சுடா. வெளிய வந்துடுச்சி" என்றார்.

மெஷின்காரர் டேப்பைச் சுற்றிப் போட்டுக் காட்டினார்.

தன் பாட்டைக் கேட்கும்போது அண்ணன் எப்போதும் ஸ்பீக்கரின் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வார். அன்றும் குந்தினார். ஸ்பீக்கரிலிருந்து முதல் இருமல் வந்தது. அண்ணன் தலை நிமிர்ந்தது. ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, அறைக் கதவைப் பார்த்தார். இரண்டாவது இருமலுக்கும் கதவையே பார்த்தார். பாட்டு முடிகிறவரை அந்தக் கதவு திறக்கவில்லை. திறப்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

எழுந்தார். "அழிச்சிடுப்பா" என்றார்.

மெஷின்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. "என்னவே, வெளயாடுதீரா?"

"இல்ல மொதலாளி. அழிக்கணும்."

"பாட்டு ஒம்மது. டேப்பு என்னுது. இத வச்சுத்தான் நான் தட்டே விக்கணும். இது இல்லன்னா மிச்சத்த எவன்வே வாங்குவான்? சொந்தக் கடைய அடமானம் வச்சிருக்கேன், தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பேசுதீரு?"

அண்ணன் அவர் கையைப் பிடித்தார். நடந்ததைச் சொன்னார். டம்ளரைச் சொல்லவில்லை. பெண்ணுக்கு இடம் வந்திருப்பதை மட்டும் சொன்னார். "உங்களுக்கும் பொண்ணுங்க கீது மொதலாளி."

"எம் புள்ளயள எதுக்குய்யா இழுக்கிய!" என்று கையை உதறினார் முதலாளி. வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தேன். செருப்புக் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தார். அவரும் அந்த வருஷம் மூத்தவளுக்கு மாப்பிள்ளை தேடி அலைந்துகொண்டிருந்தார்.

உள்ளே வந்தவர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "அழிச்சுத் தொலைங்க. வேற பாட்டு போட நேரமும் கெடையாது, எனக்கு மனசும் கெடையாது. ரெண்டாம் பக்கம் அப்படியே குறையா வரட்டும்."

ரகு மட்டும் கெஞ்சினான். "அண்ணா, எங்கிட்ட ஒரு காப்பியாவது குடுத்துடுங்கோ. யாருக்கும் போட மாட்டேன்."

"உன் ஆத்துல சன்னல் கீதா?"

"இருக்கு."

"அப்போ வேணாம்."

மெஷின்காரர் டேப்பின்மேல் வெறுமனே மெஷினை ஓட விட்டார். சக்கரம் சுற்றியது. பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் நாங்கள் சாவு வீட்டில் இருப்பவர்கள்போல உட்கார்ந்திருந்தோம். தன் மெட்டுக்குத் தாளம் தட்டுவதுபோல அண்ணனின் விரல் மட்டும் தொடையில் அசைந்தது.

அதற்கப்புறம்

தட்டு வந்தது. ரேடியோவில் ஓரிரு முறை போட்டார்கள். விற்கவில்லை. கிடங்கு மாடியில் வேட்டிக் கட்டுகளோடு கட்டாகக் கிடந்தது. முதலாளி வாய் திறந்து ஒரு சொல் குறை சொன்னதில்லை. ஆனால் அண்ணனைக் கண்டால் தெருவில் எதிர்ப்பக்கம் மாறிவிடுவார்.

ஆம்பூர் இடம் நின்றுபோயிற்று.

ஆமாம், நின்றுபோயிற்று. மாப்பிள்ளை வீட்டார் சந்துக்கு வந்து நாலு வீட்டில் விசாரித்திருக்கிறார்கள். சொல்லாமல் இருப்பார்களா? சொல்லிவிட்டார்கள். சல்மா பல வருஷம் கழித்து, மனைவியை இழந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

இந்தச் செய்தியை அண்ணனிடம் நான்தான் போய்ச் சொன்னேன். ஆற்றோரம் குடிசை வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். பாட்டு போனதும் வீண், தட்டு போனதும் வீண் என்று கத்துவார் என்று பயந்தபடி சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார்.

"நம்ம பாட்டாலயா நின்னுச்சி?"

"இல்லண்ணே. பக்கத்து வூட்டுக்காரங்க சொல்லி."

"நல்லா விசாரிச்சியா? நம்மளால இல்லல்ல?"

"இல்லண்ணே."

"அது போதும்" என்று மறுபடி படுத்துக்கொண்டார். ஆனால் அந்த முகத்தில் நிம்மதி இருந்தது என்று நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அதன்பிறகு அவர் எதுவும் கட்டவில்லை. கித்தாரில் கம்பி அறுந்தது, மாற்றவில்லை. நீங்கள் பார்த்த மாணிக்கம் பெரியப்பா, தேவி, உன்னை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வேர்க்கடலை உரித்துக் கொடுத்தாரே, அது இந்த மாணிக்கம்தான்.

ஒரு மழை நின்ற மாதத்தில் போய்ச் சேர்ந்தார். எங்கள் வழக்கப்படி பேட்டையே கூடியது. சட்டி, தப்பு, ஷெனாய். இளவட்டங்கள் அவருடைய பழைய பாட்டுகளையெல்லாம் பாடினார்கள். நூர்ஜகான் அக்கா முக்காடிட்டு, கூட்டத்துக்கு வெளியே, முருங்கை மரத்தடியில் வெகுநேரம் நின்றிருந்தார். காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"மாமா, அண்ணாத்தே கடைசியா கட்டுனது உனக்குத்தான் தெரியுமாமே. எடுத்து வுடு மாமா, தூக்கப் போறாங்க" என்று ஒரு பையன் என் தோளை உலுக்கினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதுடா" என்றேன். தூக்கினார்கள்.

எல்லாம் முடிந்து ஆற்றில் குளித்துவிட்டு, மற்றவர்களை முன்னே போகச் சொன்னேன். ஈரத் துணியோடு ரயில் பாலத்தடிக்குப் போனேன். ஆள் நடமாட்டம் இல்லை. தாம்பரம் வண்டி வருகிற அதிர்வு தூணில் தெரிந்தது. வண்டி தலைக்கு மேலே ஏறியதும் தொண்டையைத் திறந்து அண்ணன் பாட்டைப் பாட ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது வரி முடிகிற இடத்தில், இரும வேண்டிய நேரத்தில், கடைசிப் பெட்டி பாலத்தைத் தாண்டிவிட்டது. சட்டென்று ஊர் அமைதியாகிவிட்டது.

வாயை மூடிக்கொண்டு, அடுத்த வண்டி வரட்டும் என்று தூணில் சாய்ந்து நின்றேன்.